கழுகு விளையாடிய ஒரு வருஷம்

“நான் ஒண்ணும் வேலைவெட்டி இல்லாம விளையாடல. விளையாடச் சொன்னதே கம்பெனிதான்.”

மருந்துக்கடைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்டதெல்லாம், டயப்பர் சின்ன சைஸா, நடு சைஸா என்பதுதான்.

“நடு சைஸ் குடுங்க. வயசுக்குச் சின்னதுதான் போடணும். ஆனா தொடையைப் பார்த்தா நீங்களே பயந்துடுவீங்க,” என்று சொல்லி, பேத்தியின் தொடை எவ்வளவு பருமன் என்பதைத் தன் முன்கையைப் பிடித்துக் காட்டினார் கழுகு. காட்டும்போது முகமெல்லாம் பல்லாக இருந்தது. பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைப் படி இறங்குவதற்குள் அந்தச் சிரிப்பு காணாமல் போய்விட்டது.

கழுகு என்பது துறைமுகத்தில் வைத்த பெயர். போன வருஷம்வரை அவர் கிரேன் ஓட்டினார். கப்பலிலிருந்து கண்டெய்னர் இறக்கும் பெரிய கிரேன். ஆள் உட்காரும் கேபின் உச்சியில் தொங்கும். காலுக்கு நடுவில் தரை கண்ணாடி. அதன் வழியாகக் கீழே பார்த்துப் பார்த்தே கழுத்து வளைந்துபோயிற்று. வீட்டில் மனைவியிடம் பேசும்போதும் அவள் காலைப் பார்த்துத்தான் பேசுவார். “கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த மனுஷன் என் மூஞ்சியைப் பார்த்ததைவிட என் செருப்பைப் பார்த்ததுதான் அதிகம்,” என்பாள் அவள்.

அந்தக் கேபின்களை எல்லாம் ஒருநாள் பூட்டினார்கள். இனிமேல் கிரேனில் ஆள் ஏற வேண்டியதில்லை. கன்ட்ரோல் ரூமில் ஏசி போட்டு, திரையைப் பார்த்து, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டலாம் என்றார்கள். அறை தயாராக ஒரு வருஷம் ஆகும். அதுவரை பாதிச் சம்பளம். அப்புறம் ஒரு டெஸ்ட். தேறியவர்களுக்கு நாற்காலி, தேறாதவர்களுக்குக் கும்பிடு.

“அதுவரைக்கும் என்ன பண்றது?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“வீடியோ கேம் விளையாடுங்கண்ணே,” என்றார் சூப்பர்வைசர். கழுகைவிட வயதில் சின்னவர். “நிஜமாத்தான் சொல்றேன். அதே குச்சிதான். கை பழகிடும்.”

அந்த வருஷம் துறைமுகத்து ஆட்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. நரைத்த மீசைகள் எல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து எந்த லெவலில் எந்த வளைவு கஷ்டம் என்று பேசிக்கொண்டிருந்தன. ஒட்டகம் என்கிற நெட்டை ஆள், கழுகின் கூட்டாளி, கால்பந்து கேம் வாங்கிவந்து, முகம் தெரியாத யாரோடோ வாய்ச்சண்டை போட்டுத் தொண்டை கட்டிப்போனார். “ஏம்பா, கிரேன்ல பந்தையா தூக்கப்போற?” என்று கழுகு கேட்டார். “நீ மட்டும் என்ன, காரைத்தானே ஓட்டுற?” என்றார் ஒட்டகம்.

உண்மைதான். முதலில் கார். பிறகு விமானம். கடைசியில்தான் துறைமுக கேம் ஒன்று கிடைத்தது. பெட்டியைத் தூக்கி, கொண்டுபோய், லாரிமேல் வைக்க வேண்டும். பெட்டி காற்றில் ஆடவும் செய்தது. கழுகுக்கு மூச்சு வந்தது. பெட்டி எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கமே கூடப் போய், ஆட்டத்தைக் கையில் வாங்கி, மெல்ல அடக்க வேண்டும். அது அவர் ரத்தத்தில் இருந்தது. குச்சி மட்டும்தான் புதுசு. ஹாலில் டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு, காலையில் உட்கார்ந்தால் மனைவி வந்து சோற்றுத் தட்டை மடியில் வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

“கப்பல் வந்துடுச்சா? இறக்கியாச்சா? முதலாளி கூலி குடுத்தாரா?” என்று அவள் கேட்டுவிட்டுப் போவாள்.

மகள் வந்து சேர்ந்தது அப்போதுதான். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறார். போனால் வர மாதக்கணக்காகும். மாசமாக இருப்பவளைத் தனியாக விட வேண்டாம் என்று அழைத்துவந்தார்கள். வந்தவள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள், “தள்ளுங்கப்பா,” என்று குச்சி வைத்த இன்னொரு ஆட்டக் கட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வயிறு மேடாக மேடாக அதுவே அவளுக்கு மேஜையாயிற்று. ஆட்டக் கட்டையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு ஆடுவாள். உள்ளே இருப்பது உதைத்தால் கட்டை நகரும், திரையில் பெட்டி தடம் மாறும்.

“ஏம்மா, இது செல்லாது. ரெண்டு பேர் சேர்ந்து ஆடுறீங்க,” என்பார் கழுகு.

“நீங்களும் அம்மாவைக் கூப்பிட்டுக்கோங்க.”

“உங்கம்மா வந்தா கட்டையால என் மண்டையைத்தான் உடைப்பா.”

அப்பாவும் மகளும் அவ்வளவு பேசிச் சிரித்த வருஷம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. அவள் வளர்ந்த காலமெல்லாம் அவர் மேலே கேபினில் தொங்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தில் இருவருக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. கழுகுக்குப் பெட்டி எங்கேயும் உரசக்கூடாது. லேசாக உரசினாலும் புள்ளி குறையும். குறைந்தால் அவருக்குப் பிடிக்காது. கட்டையில் இடதுபக்கம் ஒரு சிவப்பு பட்டன். அதை அமுக்கினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். உரசியதும் கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கிவிடும். துறைமுகத்தில் இத்தனை வருஷத்தில் கிடைக்காத வசதி, விடுவாரா? சுத்தமாக ஒரு பெட்டி வைக்கும்வரை அமுக்கிக்கொண்டே இருப்பார்.

மகள் அப்படி இல்லை. பெட்டி இடித்தால், “ஐயோ” என்பாள். இடித்த பெட்டியோடு தடுமாறி, ஆட்டத்தை அடக்கி, கோணலாகவாவது கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

“என்னம்மா இது, அடிபட்ட பெட்டி! திருப்பி ஆடு.”

“போயிட்டுப் போகுதுப்பா. வச்சாச்சில்ல?”

“உன் மார்க்கைப் பாரு. என் மார்க்கைப் பாரு.”

“நீங்கதான் ராஜா. போதுமா?”

வலி வந்த அன்றும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டத்தில் கழுகின் சட்டைப்பையில் ஆட்டக் கட்டை இருந்தது. நர்ஸ் பேத்தியை அவர் கையில் கொடுக்கும்போது அது குழந்தையின் தலையில் பட்டுவிடப்போகிறதே என்று அவர் நெளிந்ததைப் பார்த்து, “தாத்தாவுக்குத் தூக்கத் தெரியல,” என்று சிரித்தாள் நர்ஸ். எத்தனை ஆயிரம் டன் தூக்கிய ஆள்! மூன்று கிலோவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கொட்டாவி விட்டது குழந்தை. அவ்வளவு சின்ன வாய்க்குள் அவ்வளவு பெரிய கொட்டாவியா என்று வார்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

டெஸ்ட்டுக்குத் தேதி வந்தது. இந்தமுறை வெளி ஆட்களும் வரலாம் என்று கேட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மகள் மெல்லக் கேட்டாள். “நானும் வரட்டுமாப்பா? ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கிடைச்சாலும் வீட்டுக்குத்தானே.”

கழுகு வாய்விட்டுச் சிரித்தார். “வா, வா. அப்பா ஓட்டுறதை ஒரு தடவையாவது கண்ணால பாரு.”

அந்தச் சிரிப்பைத்தான் இப்போது மென்று விழுங்க முடியவில்லை.

கன்ட்ரோல் ரூமில் நாலைந்து திரை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே மற்றவர்கள் நிற்கலாம். கழுகு முதலில் நாற்காலியை உயர்த்தினார். அடியில் இருந்த நெம்புகோலை இழுத்து, ஏற்றி, உட்கார்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி, தன் உயரத்துக்குச் சரி செய்தார். நாளைக்கும் மறுநாளும் உட்காரப்போகிற ஆள் செய்கிற மாதிரி செய்தார்.

சூப்பர்வைசர் எல்லாம் சொன்னார். இந்தக் குச்சி தூக்க, அந்தக் குச்சி நகர்த்த. இடதுபக்கம் சிவப்பு பட்டன் அவசரத்துக்கு. அமுக்கினால் யார்டு முழுக்க எல்லாக் கிரேனும் நிற்கும். கழுகு தலையாட்டினார். காதில் விழுந்தது, விரலுக்குப் போய்ச் சேரவில்லை.

நிஜப் பெட்டி. நிஜக் கிரேன். தூக்கினார். வெண்ணெய் மாதிரி வந்தது. “கை இன்னும் போகலண்ணே,” என்றார் சூப்பர்வைசர். லாரிக்கு மேலே இறக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஆட்டத்தை வாங்கினார். வாங்கிவிட்டார்தான். ஆனால் பெட்டியின் ஒரு மூலை லாரியின் ஓரத்தில் லேசாக உரசியது.

இடதுகைக் கட்டைவிரல் போய்ச் சிவப்பு பட்டனை அமுக்கியது.

சைரன் அலறியது. திரையில் எல்லாக் கிரேன்களும் நின்றன. மஞ்சள் விளக்குகள் சுழன்றன. வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் தலையை வெளியே நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். சத்தம் கேட்கவில்லை, வாயசைவு தெரிந்தது.

“அண்ணே, என்னண்ணே பண்ணீங்க?”

“முதல்லேருந்து பண்றேன்,” என்றார் கழுகு.

சூப்பர்வைசர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “இங்க முதல்லேருந்துன்னு ஒண்ணு கிடையாதுண்ணே.”

அது அவருக்குத் தெரியாததா? கேபினில் இருந்தவரை உரசினால் உரசியதுதான். வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு பெட்டியை வைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். வாழ்நாளெல்லாம் தெரிந்திருந்த ஒன்றை ஒரே வருஷத்தில், அதுவும் கஷ்டப்பட்டு, நாள் முழுக்க உட்கார்ந்து பழகி மறந்திருந்தார்.

அடுத்து மகள். கழுகு கண்ணாடிக்கு வெளியே போய் நின்றார். பழக்கதோஷத்தில் அவர் கண் அவள் காலுக்குத்தான் போனது. நாற்காலி அவர் ஏற்றிய உயரத்திலேயே இருந்தது. அவளுடைய கால் தரையைத் தொடவில்லை. இறக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லையோ, அப்பா வைத்ததை மாற்ற மனம் வரவில்லையோ. அந்தரத்தில் தொங்கிய காலோடு ஓட்டினாள். அவள் பெட்டியும் இடித்தது. அவருடையதைவிடப் பலமாகவே இடித்தது. “ஐயோ” என்று அவள் உதடு அசைந்தது. தடுமாறினாள், அடக்கினாள், கோணலாகக் கொண்டுபோய் லாரிமேல் வைத்துவிட்டாள்.

சில நாள் கழித்து போன் வந்தது. கழுகுதான் ஓடிப்போய் எடுத்தார். மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். கொடுத்தார்.

“நான் போகலப்பா,” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“போகாம? புள்ளைக்கு டயப்பர் யாரு வாங்குவா, ஒட்டகமா?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசவில்லை. ஆட்டக் கட்டை இரண்டையும் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். பேச வேண்டியதையெல்லாம் பேத்தியிடம் சொன்னார். “உங்கம்மா இனிமே பெரிய ஆபீசரு. உனக்கு இந்த வேலையத்த தாத்தாதான் கதி, கண்ணு.” குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுக்கும். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து, “அய்யோ, என் மூக்கு போச்சு!” என்று கத்துவார். மகள் சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஹாலுக்கு வந்தால் அவர் முகம் மாறிவிடும் என்று வரமாட்டாள்.

“அவளா உங்க வேலையைப் பிடுங்கினா?” என்று மனைவி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“பிடுங்கியிருந்தா திருப்பிக் கேட்டிருப்பேனே,” என்றார்.

இன்று காலை அவளுக்கு முதல் ஷிப்ட். டயப்பர் பொட்டலத்தோடு கழுகு வீட்டுக்குள் நுழையும்போது மகள் கிளம்பி நின்றாள். கம்பெனி கொடுத்த மஞ்சள் கோட்டு தோளில் பெரிதாகத் தொங்கியது. குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். பால் எங்கே, மாற்றுத்துணி எங்கே என்றெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தாள். அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொல்லி முடிந்தும் அவள் போகவில்லை.

“நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களாப்பா?”

கழுகு குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. மகளின் புது பூட்ஸைப் பார்த்தார். அதைப் பார்த்தபடியே சொன்னார்:

“அந்த நாற்காலி என் உயரத்துக்கு இருக்கும். அடியில நெம்புகோல் இருக்கு, இறக்கிக்கோ. காலைத் தொங்கவிட்டுக்கிட்டு ஓட்டாத. எனக்காக ஒண்ணும் அது அப்படியே இருக்க வேணாம்.”