நடுக்கடலில் போகாத மின்னஞ்சல்

முருகனடியார்களே, போன மாசியில் நடுக்கடலில் நின்று நம் முருகனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்படித் திட்டியவளுக்கும் அவன் என்ன செய்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாறசாலைக்குப் பக்கம். நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், கப்பலில் வேலை பார்த்தவர். இருவருமாகச் சிறு பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து செஷல்ஸுக்குப் புறப்பட்டோம். கரை மறைந்தால் கைபேசி செத்துப்போகும். ஆகவே நெடுந்தூர ரேடியோவில் மின்னஞ்சல் அனுப்பும் கருவியை நானே பூட்டினேன். பாய்மரத்தைப் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பிதான் அதற்கு ஆண்டெனா. புறப்படுவதற்கு முதல் நாள் துறைமுகத்தில் சோதித்தபோது நன்றாகவே வேலை செய்தது.

நடுக்கடலில் காற்று நின்றது. எஞ்சினும் மக்கர் செய்தது. அதோடு அத்தானின் காலில் மீன்முள் குத்திய இடம் வீங்கி, சிவப்பு தொடை வரை ஏறியது. உடம்பு கொதித்தது. மருந்துப் பெட்டியில் ஊசிகள் இருந்தன. எதை, எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். புறப்பட்ட பிறகு அன்றுதான் முதல்முறையாக அனுப்பிப் பார்த்தேன்; ரேடியோவோ ஊமையாகியிருந்தது. மோடத்தைக் கழற்றி மாட்டினேன், ஒயர் ஒயராகப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிலும் அசையாத தண்ணீர், ஒரு கப்பல் கிடையாது. அவ்வளவு பெரிய கடலில் எலிப்பொறிக்குள் அகப்பட்டதுபோல் இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

அத்தான் என் கையைப் பிடித்தார். "மக்கா, நான் போனா நீ ஒத்தைக்கு இந்தப் படகோட கெடக்கண்டாம். கப்பலு வல்லதும் கண்டா ஏறிப் போயிரு," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. படகின் மேல்தட்டுக்கு ஏறினேன். புறப்படும் அன்று வழக்கப்படி பூஜை போட்டு, படகில் பித்தளை வேல் ஒன்றைக் கட்டியிருந்தேன். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒனக்குக் காது உண்டா முருகா? உண்டும்னா இப்பம் கேளு. எனக்க ஆளை எனக்குத் தா," என்று கத்தி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

வேலில் நெற்றியை முட்டியபோதுதான் கண்ணில் பட்டது. நான் வேலைக் கட்டியிருந்தது அந்த ஆண்டெனாக் கம்பியில். நூல் உப்புக்காற்றில் இற்றுப்போகுமே என்று செம்புக் கம்பியால் வரிந்திருந்தேன். ஆண்டெனாவின் மின்சாரம் படகில் இறங்காமல் தடுக்கும் கட்டைக்கு மேலும் கீழும் அந்தச் செம்பு சுற்றிக் கிடந்தது. ரேடியோவின் சக்தியெல்லாம் அதன் வழியே வீணாக இறங்கியிருக்கிறது. அத்தனை வருஷம் ஒயரோடு கிடந்தவளுக்கு, சாமி காரியம் என்றதும் புத்தி போன இடம் தெரியவில்லை.

சாமிக்குக் கட்டியதை நடுவழியில் அவிழ்ப்பதா? காட்டித் தந்தவன் அவன்தானே என்று துணிந்தேன். அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு போய் மறுபடி அனுப்பினேன். போனது. மாலைக்குள் டாக்டரின் பதிலும் வந்தது. அவர் சொன்னபடி ஊசி போட்டேன். மறுநாள் காய்ச்சல் தணிந்து, "கஞ்சி உண்டா?" என்று அத்தான் கேட்டார். முருகா, முருகா என்று அரற்றினேன். பிறகு காற்றும் வந்தது, கரையும் வந்தது.

முன்பெல்லாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் கும்பிட்டேன். இப்போது அவனிடம் பேசுகிறேன், சண்டையும் போடுகிறேன். உங்களுக்கும் ஒரு நெருக்கடி வந்தால் நல்ல வார்த்தை தேடிக் காத்திருக்காதீர்கள். திட்டியாவது கூப்பிடுங்கள், கேட்பான். சோறு ஆறுகிறது என்று அடுக்களையிலிருந்து அத்தான் விளிக்கிறார். வாறேன் அத்தான்.