கிழக்கே வரைந்த மலை

மைதாப் பசையைக் காய்ச்சி இறக்கும்போது பசியும் குமட்டலும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு வாசனை எழும். ஏழாம் வகுப்பு என்றதும் எனக்கு அதுதான் மூக்கில் ஏறுகிறது, ஏனென்றால் "பிரவுன் ஷீட்" போட்டு ஒட்டாத நோட்டை எங்கள் சமூக அறிவியல் ஆசிரியரான "சோசியல் சார்" ரகீம், கையால் தொடமாட்டார். அது அவருடைய முதல் விதி. அப்படி ஒன்பது விதிகளைக் கரும்பலகையில் எழுதி, நோட்டின் முதல் பக்கத்தில் எங்களையும் எழுதவைத்து, வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ வாயத் தொறக்காத" என்று தன் பங்குக்குப் பத்தாவது விதி ஒன்றையும் சேர்த்தார். எனக்கு அந்தப் பத்தாவதுதான் நன்றாக மனப்பாடமானது.

எட்டாவது விதி உயிரை வாங்கியது. வரைபடத்தில் திசை தப்பினால் பூஜ்யம். மூன்று பூஜ்யம் வாங்கியவனுக்குச் சாத்தனூர் அணைக்குப் போகும் "டூர்" கிடையாது. அங்கே முதலைகள் இருந்தன. அரபிக் கடலைச் சென்னைக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததற்கு ஒன்று, வடக்கு அம்புக்குறி போட மறந்ததற்கு ஒன்று என்று இரண்டு பூஜ்யங்களை ஆகஸ்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டிருந்தேன்.

மூன்றாவது வரைபடம், அவரவர் வீட்டைச் சுற்றி நான்கு திசையிலும் என்ன இருக்கிறது என்பது. பள்ளிக்கூடம் மலைக்குக் கிழக்கே, டவுனில் இருந்தது. டவுன் பிள்ளைகளுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போய் விழும். "மலைப் பக்கம்" என்றாலே அவர்களுக்கு மேற்கு. நான் மலைக்கு அந்தப் புறம், அடி அண்ணாமலையிலிருந்து வருகிறவன். எங்களுக்குச் சூரியனே மலையைத் தாண்டித்தான் மெதுவாக வரும். ஆகவே மலையைக் கிழக்கே வரைந்தேன். நாற்பது நோட்டு திருத்திய சார், முப்பத்தொன்பது மலைகளை மேற்கே பார்த்த கையோடு என் மலையைச் சிவப்பு மையால் வளைத்துப் பூஜ்யம் போட்டுவிட்டார்.

இங்கேதான் ஒன்பதாவது விதி வருகிறது. மதிப்பெண் தப்பென்று நினைப்பவன் எழுந்து நின்று ஆதாரத்தோடு மறுத்துப் பேசலாம். நோட்டுகளைக் கொடுத்து முடித்ததும் சார், "யாராச்சும் பேசணுமா?" என்றார்.

பக்கத்தில் இருந்த சேகர் விலாவில் இடித்தான். "டேய், உங்க ஊர்ல மலை அந்தப் பக்கம்தானடா? எழுந்து சொல்லுடா."

"நீயே சொல்லேன்."

"எனக்கு இன்னாத்துக்குடா? நான்தான் டூர் போறேனே."

என் ஆதாரமோ தினமும் காலையில் தானாக உதித்துக்கொண்டிருந்தது. நான் செய்யவேண்டியது நிற்பது மட்டும்தான். சார் வகுப்பை ஒருமுறை பார்வையால் சுற்றி வந்தார். என் வரிசைக்கு வந்தபோது, நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்று நான் செருப்பே போட்டிருக்கவில்லை.

"யாரும் இல்லியா? சரி" என்று சார் பாடத்துக்குப் போனார். மாலையில் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மலையைப் பார்த்தேன். கிழக்கேதான் இருந்தது. இருந்தாலும் சாரே சொல்லிவிட்டாரே என்று மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்த்தேன்.

டூர் அன்று என்னை ஆறாம் வகுப்பில் உட்காரவைத்து, ஒன்பது விதிகளையும் மூன்று முறை எழுதச் சொன்னார்கள். ஒன்பதாவதை மட்டும் கையெழுத்து அழகாக வர எழுதினேன். போய்வந்த சேகர், "முதலை ஒண்ணு கூட அசையலடா, கல்லு மாதிரி கெடந்துச்சு" என்றான். என்னைத் தேற்றவா, வெறுப்பேற்றவா என்று இன்றுவரை தெரியாது.

இப்போது என் மகள் டவுனில் ஏழாவது படிக்கிறாள். அவளுடைய சமூக அறிவியல் வகுப்புக்கான விதிகள் செல்போனுக்கே வந்துவிட்டன, மொத்தம் பத்தொன்பது. பிரவுன் ஷீட் இருக்கிறது, வரைபடத்துக்குப் பென்சில் இருக்கிறது, மறுத்துப் பேசலாம் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டே தீர்வது என்று முடிவெடுத்து, வண்டி ஓட்டும்போதெல்லாம் கேள்வியைச் சொல்லிப் பழகினேன். "கேக்கப் போறியாப்பா, நெசமாவா?" என்று மகள்கூடச் சந்தேகப்பட்டாள்.

எங்கள் முறை வந்தது. டீச்சர் தலை நிமிர்ந்து, "ஏதாவது சொல்லணுமா சார்?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க மேடம், எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மகள் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "மேடம்" என்றாள்.