பாசலில் நான் கேட்ட கேள்வி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சுவிஸில் நாங்கள் இருக்கும் வில் நகரத்து நிலையத்தில் ரயில் ஏறினேன். சூரிச்சில் மாறினால் பாசல். எல்லாமாக ஏறக்குறைய இரண்டு மணித்தியாலப் பயணம்.

மகள் தாரணி பாசலில் வரலாறு படிக்கிறாள். ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. தொழிற்சாலையில் இரும்பு வெட்டிவிட்டு வந்து, இரவில் அதைப்பற்றித்தான் வாசிப்பேன். தமிழர் ஒன்றுகூடல்களில் ஒலிவாங்கி கிடைத்தால் அதைப்பற்றித்தான் பேசுவேன். "வாங்கோ அப்பா, நீங்கள் கதைக்கிறதை ஒருக்கா கண்ணாலை பாருங்கோ" என்று அவள்தான் கூப்பிட்டாள். தான் கலியாணம் செய்ய விரும்பும் சுதனையும் அன்று எனக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். பின்னேரம் மூவருமாக வில்லுக்கு வந்து சாப்பிடுவது என்பது ஏற்பாடு.

மனைவி ஆட்டிறைச்சியை எடுத்து வைத்துவிட்டு, வாசலில் என்னை மறித்தாள். "பெடியன் ஊரிலை எவடம் எண்டு நைசா ஒருக்கா விசாரியுங்கோ."

யாழ்ப்பாணத்தாருக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஊர், பிறகு ஊருக்குள் எந்தக் குறிச்சி, பிறகு எந்தக் கோயிலடி. இப்படி மூன்று படி இறங்கினால் ஒருவருடைய சாதி தெரிந்துவிடும். அந்தச் சொல்லை வாயால் சொல்லவே தேவையில்லை. அவ்வளவு நாகரிகமான ஆட்கள் நாங்கள்.

சூரிச்சிலிருந்து என் எதிரே ஒரு சுவிஸ் மூதாட்டி உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். வில்லிலிருந்து என்றேன். "அதில்லை, உண்மையில் எங்கிருந்து?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபத்தெட்டு வருடம் இந்த நாட்டில் வேலை செய்து, சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டும் வைத்திருக்கிறேன். பதில் சொல்லாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிலையத்தில் இருவரும் நின்றார்கள். சுதன் ஆள் நல்ல நெடுவல். மருந்து ஆய்வுகூடத்தில் வேலை. "வாங்கோ அங்கிள், குளிருதோ?" என்று என் பையை வாங்கிக்கொண்டான். அவன் தகப்பனும் என்னைப்போல ஆரம்பத்தில் டாவோஸ் மலையூரில் ஹோட்டலொன்றில் சட்டி கழுவியவராம். எந்த ஹோட்டல் என்று பார்த்தால், அதே ஹோட்டல், அதே சமையலறை, வருடம்தான் வேறு. எனக்கு அவனை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

முதலில் ரைன் நதிக்கு மேலே நிற்கும் பெரிய தேவாலயத்துக்குப் போனோம். சிவப்புக் கல்லால் ஆனது. உள்ளே ஒரு தூணோரம் ஓர் அறிஞரின் கல்லறைக் கல் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து, இங்கே அச்சுக்கூடங்களோடு வாழ்ந்து, பழைய ஏடுகளைத் திருத்திப் பதிப்பித்தவர். அவர் இறக்கும்போது ஊர் கத்தோலிக்கத்தை விட்டுப் புரட்டஸ்தாந்துக்கு மாறிவிட்டிருந்தது. அவரோ மாறவில்லை. ஆனாலும் உள்ளேயே இடம் கொடுத்தார்கள்.

எனக்கு உற்சாகம் பிடிபடவில்லை. "பாத்தியளோ? எந்தப் பக்கத்து ஆள் எண்டு கேக்கேல்லை. மனிசனை மனிசனாப் பாத்திருக்கினம். இதுதான் மறுமலர்ச்சி!" என்றேன். என் குரல் கூரைவரை போனது. தாரணி சுதனைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவை நினைத்து அவள் பெருமைப்பட்ட சிரிப்பு அது. அதை நினைக்க இப்போது உடம்பு கூசுகிறது.

அங்கிருந்து கரையோரமாகக் கால் மணித்தியாலம் நடந்தால் பழைய காகித ஆலை. வாய்க்கால் தண்ணீரில் சக்கரம் இன்னும் சுற்றுகிறது. கூழில் சல்லடையை அமிழ்த்தி நானும் ஒரு தாள் எடுத்தேன். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் ஓட்டை. "அங்கிளின்ரை தாளிலை புத்தகம் அடிச்சா பாதி எழுத்து காணாமப் போயிடும்" என்று சுதன் பகிடி விட்டான். மூவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

பின்னேரம் மூன்று மணியளவில் மறுகரைக்குத் தோணியில் ஏறினோம். ஆளுக்கு இரண்டு பிராங்க். இயந்திரம் இல்லை, மேலே கட்டிய கம்பியைப் பிடித்தபடி, ஆற்றின் இழுவையிலேயே கடக்கிறது. நடு ஆறு. நல்ல வெயில். நான் நைசாகத் தொடங்கினேன்.

"தம்பி, நீங்கள் எவடம்?"

"பிறந்தது டாவோஸ், அங்கிள்."

"அதில்லை. ஊரிலை?"

ஓர் ஊரைச் சொன்னான். என் மனைவியின் ஊர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஓ, ஊரிலை எந்தக் கோயிலடி?" என்றேன். தாரணி "அப்பா" என்றாள், மெதுவாக.

சுதன் என்னை நேராகப் பார்த்தான். கோபம் இல்லை. "அம்மன் கோயிலடி, அங்கிள். ஆனா எங்கட ஆக்களை உள்ளுக்கை விடுறேல்லையாம். அப்பா சின்னனிலை வெளிவீதியிலை நிண்டுதான் கும்பிட்டவராம். இப்ப விடுகினமோ தெரியாது. அவர் பிறகு போகேல்லை."

அந்த அம்மன் கோயிலில் ஐந்தாம் திருவிழா என் மனைவி வீட்டாரின் உபயம். வில்லிலிருந்து நாங்கள்தான் இன்றும் அதற்குக் காசு அனுப்புகிறோம். வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "இப்ப ஆர் அதெல்லாம் பாக்கினம்" என்றுதான் வந்தது. சொன்ன கையோடே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பார்த்தது நான்தானே.

கரையில் இறங்கியதும் தாரணி சொன்னாள்: "அப்பா, நீங்கள் போங்கோ. நாங்கள் இண்டைக்கு வரேல்லை." என்றைக்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. சுதன்தான் ட்ராம் தரிப்பிடம்வரை கூட வந்தான். "ரெண்டாம் நம்பர் நேரை ஸ்ரேஷனுக்குப் போகும், அங்கிள்" என்று பையைத் தந்தான். அதற்குள் பழந்துணியில் சுற்றி என் ஓட்டைத் தாளையும் வைத்திருந்தான்.

திரும்பும் வண்டியில் எதிர் இருக்கை வெறுமையாக இருந்தது. காலையில் அந்த மூதாட்டி ஒரு கேள்விதான் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் மூன்று கேட்டேன். சுதன் மூன்றுக்கும் பதில் சொன்னான்.

சூரிச் தாண்டியதும் மனைவி அழைத்தாள்.

"இஞ்சாருங்கோ, விசாரிச்சனீங்களோ? எவடமாம்?"

"உன்ரை அம்மன் கோயிலடியாம்."

"அட, எங்கட ஆக்களோ!" அவள் குரல் துள்ளியது. "அப்ப மூண்டு பேருக்கும் புட்டு அவிக்கட்டோ?"

"வேண்டாம்" என்றேன். "நான் மட்டும்தான் வாறன்."