முனியாண்டிக்கு நேர்ந்த சேவலும் அம்மாவின் தவிட்டுச் சாடியும்

மூடியைத் திறந்ததும் குப்பென்று மூக்கில் ஏறும் புளிப்பு வாடை... தவிடு, குறுணை, வடித்த கஞ்சி, தேங்காய்ச் சக்கை எல்லாம் ஒன்றாக ஊறி நுரைத்த வாடை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, நேற்று என் கொள்ளுப்பேரன் வீட்டுப் பின்பக்கம் அதே வாடை அடித்தது. நாலு கோழி வளர்க்கிறான். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டானாம்.

"ஃபெர்மென்டட் ஃபீட் பாட்டி! இப்ப இதான் புதுசு லா!"

புளித்த தீனி புதுசாம்! போடா போக்கத்தவனே என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால்தான் இந்தப் பதிவு. நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால்... மலாயாவில், பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டு. லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் எங்கள் கோழிகள். வெறும் தவிட்டைப் போட்டால் கிளறிக் கிளறிப் பாதியை மண்ணாக்கிவிடும். அதனால் அம்மா சீனர் கடையில் உப்பு முட்டை வந்த சாடியைக் கேட்டு வாங்கி, அதில் தவிட்டை ஊறவைத்துப் புளிக்க விடுவாள். குஞ்சுகளுக்கு மட்டும் தனியாகப் பிழிந்து, உதிர்த்து, கொட்டாங்கச்சியில் வைப்பாள். சாடியை முழுசாகக் கழுவவே மாட்டாள். அடியில் ஒரு கை மிச்சம் இருக்கும்.

"அதாண்டி அடுத்ததுக்கு உறை," என்பாள்.

அந்த வருடம் என் தம்பி முத்துவுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர்க்காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கசப்பு மருந்து கொடுத்தார்கள், போனது, திரும்ப வந்தது. பக்கத்து லயத்தில் அப்படியே ஒரு பிள்ளை போய்விட்டிருந்தது. அம்மா தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டி முன்னால் போய் விழுந்தாள். பிள்ளை பிழைத்தால் சேவலும் கள்ளும் படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

காய்ச்சல் விட்டது. எங்கள் செஞ்சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டினாள். அன்றிலிருந்து அது சாமி சேவல். அதை ஒரு அதட்டுப் போட்டால் போதும், எங்களுக்கு விழும் அடி!

பூசைக்கு முந்தின வாரம் விடாத மழை. சாடியில் தவிடு புளிக்கவே இல்லை. அப்பத்துக்கு மாவு புளிக்க அப்பா வாங்கி வந்த கள் கொஞ்சம் போத்தலில் மிச்சம் இருந்தது. மாவைப் புளிக்க வைப்பது தவிட்டைப் புளிக்க வைக்காதா என்று நினைத்து, மண்டியோடு அம்மா சாடியில் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது. தவிடு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அடுத்த நாள் காலையில் அம்மா அள்ளி வைத்ததும் கோழிகள் முண்டியடித்துத் தின்றன... சாமி சேவல்தான் எல்லாவற்றையும் கொத்தி விரட்டிவிட்டு அதிகம் தின்றது.

மத்தியானம் வேலை விட்டு வந்து பார்த்தால், ஐயோ! ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, ஒன்று பக்கவாட்டில் நடக்கிறது. சேவல் இறக்கையை விரித்துக்கொண்டு மண்ணில் கிடக்கிறது.

அடுத்த வீட்டு அஞ்சலையக்கா எட்டிப் பார்த்தாள். "கோழிச்சீக்கு லா! சாவுறதுக்குள்ள எல்லாத்தையும் அறுத்துருடி. கறியாச்சும் மிஞ்சும்."

அப்போது எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அம்மா கத்தியை எடுத்து வந்தாள். ஆனால் சேவலைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாமிக்கு நேந்தத சாவ விட்டுட்டேனே. எம்புள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தா நான் என்னக்கா செய்வேன்?"

முத்து அவள் மடியில் வந்து ஒட்டிக்கொண்டான். அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கும் அழுகை முட்டியது.

அப்பா ஆற்றில் குளித்துவிட்டு வந்தார். சேவலைத் தூக்கினார். அலகைப் பிரித்து மோந்து பார்த்தார். பிறகு சாடியை மோந்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்... முத்து படுத்த நாளிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"அடியே, சீக்குமில்ல ஒண்ணுமில்ல. கள்ளுக்கடைக்குப் போவாமலே ஏத்திக்கிட்டுக் கெடக்குது!"

பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்துச் சேவலை மூடினோம். பொழுது சாயும் நேரத்தில் உள்ளிருந்து கரகரவென்று ஒரு கூவல். நேரங்கெட்ட நேரத்தில் சேவல் கூவினால் ஆகாது என்பார்கள். அம்மா அன்றைக்கு அதைக் கேட்டுக் கைகூப்பி நின்றாள்.

பூசையன்று அம்மா நடந்ததைச் சொல்லி, குற்றமாகிவிட்டதா என்று பயந்து பயந்து கேட்டாள். பூசாரி மீசையைத் தடவினார்.

"என்னா குத்தம் தாயி? சாமிக்குச் சேவலும் வேணும், கள்ளும் வேணும். நீ ரெண்டையும் ஒண்ணாவே கொண்டாந்துட்ட!"

அன்று முழு லயமும் சிரித்தது. குழம்பில் இருந்த ஈரலை அம்மா முத்துவுக்குத்தான் ஊட்டினாள்.

இன்று அந்த லயம் இல்லை. ரப்பர் இருந்த இடமெல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனை. அம்மா அப்பா எப்போதோ போய்விட்டார்கள். கொள்ளுப்பேரனுக்குக் கோழித்தீனி செய்யப் போனும் தெர்மாமீட்டரும் வேண்டியிருக்கிறது. செய்யட்டும், நல்லதுதான். கோழிகள் பளபளவென்று இருக்கின்றன.

நேற்று அந்த வாடையைப் பற்றிப் போனில் முத்துவிடம் சொன்னேன். ஆமாம்... அதே முத்துதான். கோத்தா திங்கியில் மகன் வீட்டில் இருக்கிறான். அவனுக்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது. கேட்டுவிட்டு, "அக்கா, அந்தப் பையன கள்ளு மட்டும் ஊத்த வேணாம்னு சொல்லு," என்றான்.

எங்கள் தாமான் குடியிருப்பில் இப்போது யார் வீட்டிலும் சேவல் இல்லை. தினமும் விடிந்தும் விடியாமலும் என் போன் அடிக்கும். "அக்கா, எந்திரிச்சிட்டியா?" என்பான் முத்து. முனியாண்டி, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்... எனக்கு இன்னும் அந்தக் குரல் கேட்டுத்தான் பொழுது விடிகிறது.