கிரில் பட்டறைக்குப் போன நாள்

வெளியே பச்சைப் பசேலென்று இருக்கும் ஏலக்காயை நான் நம்புவதே இல்லை. மூட்டைக்கு ஒரு கை அள்ளி, உரித்து, உள்ளே புழு இல்லையென்று கண்ணால் கண்ட பிறகுதான் விலை பேசுவேன். தேனி வியாபாரிகள் என்னைச் சந்தேகப் பேர்வழி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கடையில் உதவிய குணம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டதுதான் வினை.

கொச்சியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் என் மகள் விடுமுறைக்குக் கோம்பை வந்திருந்தாள். மாடியில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். படியேறிய நான் பாதியிலேயே நின்று காதைத் தீட்டினேன்.

"அப்பாட்ட இன்னும் சொல்லல. கிரில்ல விட்டுட்டு என்னால வேற எதுக்கும் போக முடியாது. கப்பல்ல போறதையும் பக்குவமாத்தான் சொல்லணும். அவுக சந்தேகப்பட்டா அம்புட்டுத்தான்."

எங்கள் ஊரில் கிரில் என்றால் ஜன்னல் கம்பி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிரில் பட்டறை வைத்திருப்பவன் அவளோடு பள்ளியில் படித்தவன். இருவரும் சேர்ந்து கப்பலேறப் போகிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேரே பட்டறைக்குப் போனேன்.

"ஏலே, எம் மகளக் கூட்டிட்டு எங்கன போகப் போற?"

வெல்டிங்கை நிறுத்திவிட்டு அவன் திருதிருவென முழித்தான். "ஐயா, போன தையிலதான எனக்குக் கல்யாணம் ஆச்சு. நீங்களே வந்து சாப்பிட்டீகளே!"

கேட் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். நான் வீடு சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

மகள் அழவில்லை, கத்தவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஏதோ தாளை மூடி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"கிரில்னா இதுதான்ப்பா. தென்துருவத்துக் கடல்ல கெடக்குற பொடி இறால் மாதிரி."

திரையில் அதன் உடம்பு கண்ணாடியாகத் தெரிந்தது. அதன் குடலைப் பெரிதாக்கிக் காட்டினாள். உள்ளே எள் எள்ளாக ஏதேதோ நெளிந்தன.

"இதெல்லாம் ஒட்டுண்ணி. இதால அதுக்குக் கெடுதல் இருக்கா இல்லையான்னுதான் பாக்குறேன். அதுக்குத்தான் கப்பல்."

அந்தக் குளிரில் பூச்சி எப்படிப் பிழைக்கும் என்று எனக்கு அப்போதும் சந்தேகம். "வெளிய பாத்தா நல்லாத்தான இருக்கு?" என்றேன்.

"நீங்களும் வெளிய பாத்தா நல்லாத்தான்ப்பா இருக்கீக" என்றவள், அந்தத் தாளில் விருட்டென்று ஏதோ கிறுக்கி மறுபடி மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

மூடி வைத்த தாள் மேசையிலேயே கிடந்தது. என் புத்தி எங்கே போகும்? கப்பல் நிஜம்தானா என்று புரட்டினேன். பயணப் படிவம்தான். ஆபத்து நேர்ந்தால் யாரை அழைக்க வேண்டும் என்ற இடத்தில் என் பெயரையும் போன் நம்பரையும் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் அவள் அம்மாவின் நம்பரைப் போட்டிருந்தாள். அடித்த கோடு இன்னும் காயவில்லை. மை என் விரலில் ஒட்டியது.