மேசைக்கு அடியில் பிரஃபுல்லா

பிரஃபுல்லா பூஜாரியின் மடிக்கணினித் திரை ஒரு நீர்தோசை மடிப்பளவுதான் இருக்கும். சுட்டி கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவே. மங்களூர் மீன் துறைமுகத்தின் ஏலக் கணக்கெல்லாம் அதில் அவள் எழுதிய நிரலில்தான் ஓடுகிறது. உள்ளாலிலிருந்து வரும் பஸ்ஸில் மடிமேல் வைத்து எழுதுவாள். துறைமுகத்துக்குப் போனால் ஐஸ் பெட்டி மூடிமேல்.

"இத்தனூண்டு திரையில கண்ணு பூத்துப் போகாதாம்மா?" என்று கேட்டேன்.

"இதுக்குள்ள அடங்கலைன்னா நான் வளவளன்னு எழுதியிருக்கேன்னு அர்த்தம், ஆச்சார்ரே. உடனே வெட்டிருவேன்."

எங்கள் மென்பொருள் அலுவலகத்தின் சாமான் கணக்கு ஆச்சார் என்கிற என் பொறுப்பு. புது மேலாளர் கிஷன் ஹெக்டே வந்ததுமே ஆளுக்கு மூன்று பெரிய திரைகள் வாங்கினார். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்க்க வருகிறார்களாம். அவளுடைய கணினியைச் செத்த எலியைப்போல இரண்டு விரலால் தூக்கினார்.

"இது என்ன, டிபன் டப்பாவா? வர்றவங்க கண்ணுல பட்டுச்சு, பழைய சாமான்ல போட்டுருவேன்."

"வேலை நடக்குதே சார்?"

"நடந்தா போதுமா? நடக்குற மாதிரி தெரியணும்."

அந்த வாடிக்கையாளர்கள் வந்த அன்று அவள் மேசையின் மூன்று திரைகளிலும் பச்சை எழுத்துகள் அருவிபோலக் கொட்டின. எந்த அர்த்தமும் இல்லாத வெறும் அலங்காரம். அதன் முன் உட்கார்ந்து விசைகளைச் சும்மா தட்டிக்கொண்டிருக்கும்படி அவளுக்கு உத்தரவு. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அப்போது ஏலக்காரர் மொய்தின் ப்யாரியின் போன் வந்தது. அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"தங்கச்சி, தராசு எடை கணக்குல ஏறல! படகெல்லாம் காத்து நிக்குது, பங்குடெ மீனெல்லாம் அழுகிரும்!"

அவள் கை பைக்குள் போனது. ஹெக்டே சிரித்த முகம் மாறாமல், "வெளிய எடுத்தேன்னா பாரு" என்று பல்லைக் கடித்தார்.

பேனாவைத் தவறவிட்டவள்போல் குனிந்து, பையோடு மேசைக்கு அடியில் போய்விட்டாள் பிரஃபுல்லா. அங்கே குந்தியபடி பிழையைத் தேடினாள். மேலே விருந்தாளிகள் பச்சை அருவியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

"ஏறிருச்சு தங்கச்சி!" என்று மறுபடியும் போன் அலறியது.

"பாருங்கள், பெரிய திரை இருந்தால் வேலை இப்படி நடக்கும்" என்றார் ஹெக்டே. கைதட்டினார்கள், திரைகளைப் பார்த்துத் தட்டினார்கள். தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தவளை யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும் அவள் கையிலிருந்த சின்னக் கணினியைக் காட்டி அது என்ன என்றார்.

"சாப்பாட்டுப் பெட்டி" என்றார் ஹெக்டே.

மறுநாள் அந்தக் கணினியைப் பயனற்றதென்று பதியச் சொன்னார் என்னிடம்.

"நேத்து ஏலத்தை ஓட்டினதே இதுதானே, சார்?"

"பதியுங்கன்னா பதியுங்க, ஆச்சார்ரே!"

பிரஃபுல்லா எழுந்து வந்தாள். "பழைய சாமான்னா யார் வேணாலும் வாங்கலாமில்ல? எனக்கே குடுத்துருங்க. நானும் கிளம்பறேன்."

இப்போது அவளுக்கு மொய்தினிடமே வேலை. ஐஸ் பெட்டிதான் மேசை. போய்ப் பார்த்தேன். மீன் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனால் எனக்குக் குமட்டியது அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகுதான். அவளுடைய வெற்று நாற்காலிக்கு முன்னால் அந்தப் பச்சை எழுத்து இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது.