அரைக் கோப்பை டீ

இன்றும் யாருக்கு டீ ஊற்றினாலும் என் கை பாதிக் கோப்பையில் தானாக நின்றுவிடுகிறது. மேலே மிச்சமிருக்கும் வெள்ளைப் பீங்கானில் ஆவி படர்வதைப் பார்த்தால், விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெரு மிதந்து வரும். இப்போது அங்கே கல்யாண மண்டபம். அன்று, வெயிலில் காயும் வெள்ளை அச்சுகளும், மண் அரைக்கும் உருளையின் ஓயாத கடகடப்பும், கைப்பிடி கோணியதால் கழித்துப்போட்ட கோப்பைகளும் இருந்தன. அந்தக் கோப்பைகளில்தான் தெருவே டீ குடித்தது.

சித்தப்பா பொம்மை அச்சுகளில் கரைத்த களிமண் ஊற்றுபவர். குடித்தால்தான் தூக்கம் என்று தொடங்கி, குடிக்காமல் எழவே முடியாமல் போய், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார். அதன்பின் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் மாத்திரையால் கை நடுங்கியது. வாசற்படியில் உட்கார்ந்து டீ குடிக்கையில் அது தளும்பிச் சட்டையில் சிந்தும். போகிறவர்கள், "பாரு, மறுபடியும் ஏத்திக்கிட்டான்" என்பார்கள்.

"குடிக்காமயே இந்தப் பேருன்னா, குடிச்சிட்டே போயிடலாம் அண்ணி," என்றார் சித்தப்பா ஒரு சாயங்காலம்.

மறுநாள் அம்மா அவர் கோப்பையில் பாதிதான் ஊற்றினாள். அப்பாவுக்கும் பாதி, எனக்கும் பாதி, வந்த விருந்தாளிக்கும் பாதி.

"எங்க வூட்ல இவ்ளோதாங்க ஊத்துவோம். வேணும்னா இன்னொரு வாட்டி வாங்கிக்குங்க."

கஞ்சம் புடிச்ச வூடு என்று தெரு எங்களுக்குப் பேர் வைத்தது. அந்தப் பேர் பரவப் பரவ, சித்தப்பாவுக்கு வைத்த பேரை எல்லாரும் மறந்துபோனார்கள்.